கசிவு, இறக்கம், வலி: பெண்களின் இடுப்புத் தளக் கோளாறுகள்

"எனக்குச் சிறுநீர் கசிகிறது" என்று இரண்டு பெண்கள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்குத் தும்மும்போதும், வாய்விட்டுச் சிரிக்கும்போதும், கனமான எதையாவது தூக்கும்போதும் கசிகிறது. இன்னொருவருக்குத் தும்மினால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் திடீரென்று முட்டிக்கொண்டு வரும். கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் உடை நனைந்துவிடும். இருவரும் ஒரே நாப்கினைத்தான் வாங்குகிறார்கள். தெரிந்தவர்களிடம் கிடைக்கும் அறிவுரையும் ஒன்றுதான்: "வயசானால் அப்படித்தான், கெகல் பயிற்சி செய்." (இடுப்பின் அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சி அது.)

இவர்கள் உடம்புக்குள் நடப்பது ஒன்றல்ல. முதல் பெண்ணுக்குச் சிறுநீர்க் குழாயைத் தாங்கும் அமைப்பு தளர்ந்திருக்கிறது. இரண்டாமவருக்கு அந்தத் தாங்கல் நன்றாகவே இருக்கலாம். சிறுநீர்ப்பையின் தசைதான் வேளை தெரியாமல் சுருங்குகிறது. முதல் பெண்ணுக்கு நன்மை தரும் அறுவை சிகிச்சையை இரண்டாமவருக்குச் செய்தால் அவசரம் இன்னும் கூடிவிடக்கூடும். இரண்டாமவருக்குக் கொடுக்கும் மாத்திரை முதல் பெண்ணின் கசிவைத் தொடக்கூட தொடாது.

இடுப்புத் தளக் கோளாறுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். தொந்தரவு ஒன்றாகத் தெரியும், கோளாறு வேறாக இருக்கும். வெளியே சொல்லத் தயங்கும் விஷயம் என்பதால் பெரும்பாலான பெண்கள் இதைப் பிரித்துப் பார்க்கும் இடத்துக்கே வந்து சேர்வதில்லை.

இத்தனைக்கும் இது அரிதான நோய் இல்லை. அமெரிக்காவில் 2005-06-ல் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், 20 வயதுக்கு மேற்பட்ட, கர்ப்பமாக இல்லாத 1,961 பெண்களிடம் சேகரித்த தகவல்கள் 2008-ல் வெளியாயின. 23.7 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு இடுப்புத் தளக் கோளாறு இருந்தது. 20 முதல் 39 வயதுக்குள் 9.7 சதவீதம், 80 வயதைத் தாண்டியவர்களில் 49.7 சதவீதம். ஒரு கோளாறு பரவலாக இருக்கிறது என்பதாலேயே அது இயல்பானது ஆகிவிடாது. பார்வைக் குறைவும் வயதோடு வருவதுதான். அதற்காக யாரும் கண்ணாடி போடாமல் இருப்பதில்லை.

எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது

இடுப்பெலும்பு வளையத்தின் அடிப்பக்கம் திறந்திருக்கிறது. முன்னால் பூப்பெலும்பு, பின்னால் வால் எலும்பு. இரண்டுக்கும் நடுவே, தொட்டில் துணி போலச் சற்றுத் தொங்கலாகக் கட்டியிருக்கும் தசைகளும், அவற்றோடு பின்னிய நார்த்திசுக்களும் சேர்ந்ததுதான் இடுப்புத் தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் இதற்கு மேல்தான் இருக்கின்றன. சிறுநீர்க் குழாய், பிறப்புறுப்பு, ஆசனவாய் என்ற மூன்று வழிகளும் இதைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. தாங்கவும் வேண்டும், வழியும் விட வேண்டும். இப்படி முரண்பட்ட இரண்டு வேலைகளை ஒரே இடத்தில் செய்ய வேண்டியிருப்பதுதான் இந்த அமைப்பின் சிக்கல்.

கை கால் தசைகள் ஓய்வில் தளர்ந்து கிடக்கும். இடுப்புத் தளத் தசை அப்படியில்லை. நாம் உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் ஓரளவு விறைப்பாகவே இருக்கிறது. இருமல் வரும்போது, வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும் அந்தக் கணத்துக்குச் சற்று முன்பே தானாக இறுகிக்கொள்கிறது. சிறுநீர், மலம் கழிக்கும்போது மட்டும் முழுதாகத் தளர வேண்டும். இதையெல்லாம் ஆள்வது முதுகெலும்பின் அடியில் சேக்ரல் 2, 3, 4 என்ற வேர்களிலிருந்து கிளம்பும் நரம்புகள். ஆகவே இந்தத் தசைக்குப் பலம் மட்டும் போதாது. சரியான நேரத்தில் இறுகத் தெரிய வேண்டும், தளரவும் தெரிய வேண்டும். கோளாறு இந்த மூன்றில் எதில் வேண்டுமானாலும் வரலாம். பலம் குறைவதைப் பற்றி மட்டுமே நாம் பேசுகிறோம். தளரத் தெரியாமல் தவிக்கும் பெண்கள் அந்தப் பேச்சில் விடுபட்டுப் போகிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தசைக்கு மேலே தசைநார்களும் உண்டு. கர்ப்பப்பையின் கழுத்தையும் பிறப்புறுப்பின் மேல்பகுதியையும் அவை இடுப்பெலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கின்றன. தசை நன்றாக இருக்கும்வரை தசைநாருக்குப் பெரிய சுமை இல்லை. தசை பிரிந்தோ மெலிந்தோ போனால் சுமை முழுவதும் தசைநார் மேல் விழுகிறது. அது நாளாக நாளாக நீள்கிறது. 28 வயதில் பிரசவத்தில் பட்ட காயம் 55 வயதில் இறக்கமாக, அதாவது உறுப்புகள் கீழே சரிவதாக, வெளிப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அந்தப் பெண்ணுக்கோ அது பிரசவத்தோடு சேர்ந்த விஷயம் என்றே தோன்றாது. குழந்தைதான் வளர்ந்து ஆளாகிவிட்டதே!

பிரசவம், அதற்கு அப்பால்

சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியேறும்போது இடுப்புத் தளத்தின் நடுப்பகுதித் தசை எவ்வளவு நீள்கிறது என்று 2004-ல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு கணக்கிட்டது. கிடைத்த விடை, இயல்பான நீளத்தைப்போல 3 மடங்குக்கும் மேல். உடம்பின் வேறெந்தத் தசையையும் அவ்வளவு இழுத்தால் கிழிந்துவிடும். கர்ப்பகால மாற்றங்களால் இந்தத் தசை தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அது மீண்டுவிடுகிறது. சிலருக்கு எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே பிய்ந்துவிடுகிறது. இந்தப் பிய்தல் வெளியே தெரியாது. தையல் போடும் இடத்திலும் இருக்காது. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தாலோ, பழகிய விரல் தேடிப் பார்த்தாலோதான் தெரியும். ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி போட்டு எடுக்கும் ஆயுதப் பிரசவத்தில் இதற்கான வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. முதல் பிரசவம் தாமதமான வயதில் நடப்பது, குழந்தையின் எடை அதிகமாக இருப்பது, முக்கும் கட்டம் நீண்டுபோவது ஆகியவையும் சேரும்.

ஆசனவாயைச் சுற்றியிருக்கும் சுருக்குத் தசைக்கும் இதே ஆபத்து உண்டு. லண்டனில் நடந்து 1993-ல் வெளியான ஆய்வொன்றில், முதல் பிரசவம் முடிந்த பெண்களை உள்ஸ்கேன் செய்து பார்த்தபோது 35 சதவீதம் பேருக்கு அந்தத் தசையில் பிளவு காணப்பட்டது. அவர்களில் பலருக்கு வெளிப்பார்வையில் பெரிய கிழிசல் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. பிரசவம் முடிந்த கையோடு ஆசனவாய் வழியே விரலால் முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற வற்புறுத்தல் இத்தகைய ஆய்வுகளுக்குப் பிறகுதான் வலுத்தது. அந்த நேரத்தில் கண்டுபிடித்துத் தைத்த கிழிசலுக்கும், கவனிக்காமல் விட்ட கிழிசலுக்கும் இடையே ஒரு பெண்ணின் பல வருட வாழ்க்கை இருக்கிறது.

சரி, அப்படியானால் சிசேரியன் செய்துகொண்டால் தப்பித்துவிடலாமா? ஆபத்து குறைகிறது, குறிப்பாகக் கர்ப்பப்பை இறக்கத்துக்கு. ஆனால் முழுதாகப் போவதில்லை. வயிற்றுக்குள் ஒரு பெரிய சுமையை ஒன்பது மாதம் தாங்குவதே இடுப்புத் தளத்துக்கு ஒரு சோதனைதான். மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒரு குழந்தையும் பெறாதவர்களில் 12.8 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு இருந்தது. மூன்றும் அதற்கு மேலும் பெற்றவர்களில் 32.4 சதவீதம். 1994-ல் வெளியான இன்னொரு ஆய்வில், குழந்தை பெறாத 144 கல்லூரி விளையாட்டு வீராங்கனைகளில் 28 சதவீதம் பேர் விளையாடும்போது சிறுநீர் கசிந்ததாகச் சொன்னார்கள். சராசரி வயது 20-கூட இல்லை. குதித்துக் குதித்துத் தரையில் இறங்கும் ஜிம்னாஸ்டிக்ஸில் இந்த விகிதம் எல்லாவற்றையும்விட அதிகம்.

நாள்பட்ட இருமல், தீராத மலச்சிக்கல், உடல் பருமன், தினமும் கனம் தூக்கும் வேலை எல்லாமே மேலிருந்து இந்தத் தளத்தை அழுத்துபவை. சிலருக்குப் பிறவியிலேயே நார்த்திசு இளக்கமாக இருக்கும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இறக்கம் இருந்தால் தனக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பும் சிறுநீர்க் குழாயும் உலர்ந்து மெலிகின்றன.

கசிவின் வகைகள்

இருமல், தும்மல், குதித்தல் போன்ற அழுத்தத்தால் வருவது அழுத்தக் கசிவு. அடக்க முடியாத உந்துதலோடு வருவது அவசரக் கசிவு. இரண்டும் கலந்திருப்பது நடுவயதுக்குப் பிறகு மிகச் சாதாரணம். அப்போது எது அதிகம் தொல்லை தருகிறதோ அதிலிருந்து சிகிச்சையைத் தொடங்குவது வழக்கம். சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாமல் நிரம்பி வழிவதும் உண்டு. நீண்ட நாள் சர்க்கரை நோயால் நரம்பு பாதித்தவர்களுக்கு இது வரலாம். இவர்களுக்கு அவசரக் கசிவுக்கான மாத்திரையைக் கொடுத்தால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளவும்கூடும். அதனால்தான் சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்கிறார்கள்.

அவசரம் உள்ள பெண்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் இரண்டு வழிகள் பெரும்பாலும் நிலைமையை மோசமாக்குகின்றன. ஒன்று, தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. அடர்த்தியான சிறுநீர் பையின் உட்சுவரை உறுத்துகிறது, மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது, எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே கிளம்பும்போதெல்லாம், வந்தவுடனெல்லாம் கழிப்பறைக்குப் போவது. 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கக்கூடிய பை, கொஞ்சம் நிரம்பினாலே கூப்பாடு போடப் பழகிவிடுகிறது. இதைத் திருப்பிப் பழக்குவதற்குத்தான் சிறுநீர்ப்பைப் பயிற்சி. உந்துதல் வந்ததும் ஓடாமல், அசையாமல் நின்று இடுப்புத் தளத்தைச் சில முறை இறுக்கி அந்த அலை தணியும்வரை காத்திருந்து, அப்புறம் நிதானமாகப் போக வேண்டும். இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடமாக மெதுவாகக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். காபி, தேநீர், குளிர்பானங்களைக் குறைத்துப் பார்ப்பதும் சிலருக்கு நல்ல வித்தியாசம் தருகிறது.

அதற்கும் மசியாவிட்டால் மருந்துகள் இருக்கின்றன. ஆக்ஸிபியூட்டினின் போன்ற பழைய வகை மாத்திரைகள் வாய் உலர்தல், மலச்சிக்கல் தரும். முதியவர்கள் இவற்றை நீண்ட காலம் எடுப்பதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருப்பதால் எழுபதைத் தாண்டியவர்களுக்கு எழுதுவதில் இப்போது மருத்துவர்கள் தயங்குகிறார்கள். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்வது. ரத்த அழுத்தத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அடுத்த படியில் சிறுநீர்ப்பைத் தசைக்குள் போடும் போடாக்ஸ் ஊசியும், சேக்ரல் நரம்பைத் தூண்டும் சிறு கருவியும் உண்டு.

ஈஸ்ட்ரோஜனைப் பற்றி ஒரு வார்த்தை. பிறப்புறுப்பில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் மாதவிடாய் நின்றவர்களின் அவசரத்தையும் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றையும் குறைக்க உதவுகிறது. அதையே மாத்திரையாக விழுங்கினால் கசிவு கூடுகிறது என்று 2005-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரே ஹார்மோன், போய்ச் சேரும் வழி வேறு, விளைவு தலைகீழ்.

எடை அதிகமுள்ளவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. 2009-ல் வெளியான ஆய்வில் 338 பெண்கள் கலந்துகொண்டார்கள். உணவு, உடற்பயிற்சி வழியே ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீதம் எடை குறைத்தவர்களுக்கு வாரக் கசிவுகள் 47 சதவீதம் குறைந்தன. வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 28 சதவீதம். ஒல்லியாக வேண்டிய அவசியமே இல்லை, 80 கிலோ இருப்பவர் ஆறேழு கிலோ குறைத்தாலே இந்தப் பலன்.

கெகல் பயிற்சி: பாதி மட்டும் பரவிய முறை

அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார். அவர் "இறுக்கிக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடவில்லை. முதலில் பரிசோதித்து எந்தத் தசை என்று பெண்ணுக்கு உணர்த்தினார். பிறகு பிறப்புறுப்புக்குள் வைக்கும் ஒரு அழுத்தமானியைக் கொடுத்தார். தசை இறுகும்போது முள் நகர்வதை அந்தப் பெண்ணே பார்ப்பார். சரியாகச் செய்கிறோமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். உலகமெங்கும் பரவியது பயிற்சி மட்டும்தான். பரிசோதனையும் அளவீடும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

இதன் விலை என்ன என்று 1991-ல் ஓர் ஆய்வு காட்டியது. 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாய்மொழியில் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு அளந்து பார்த்தார்கள். பாதிப்பேர்தான் சரியாக இறுக்கினார்கள். கால்வாசிப்பேர் இறுக்குவதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கினார்கள். அதாவது, கசிவைக் கூட்டக்கூடிய ஒன்றைப் பயிற்சி என்று நினைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். "நானும் கெகல் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று ஒரு பெண் சொல்லும்போது அவர் சோம்பேறி என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், யாராவது அவருக்கு அதைச் சோதித்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார்களா என்றுதான் கேட்க வேண்டும்.

சரியாகச் செய்தால் இது வெறும் ஆறுதல் சிகிச்சை இல்லை. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசி 2018-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வில், அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம். சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, கண்காணிப்போடு கூடிய பயிற்சியைக் குறைந்தது மூன்று மாதம், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையாவது செய்வதைத்தான் முதல் சிகிச்சையாக வைக்கிறது.

செய்யும் விதம் இது. காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி, அதோடு முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே, மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, புட்டம் சும்மா இருக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. சில நொடி பிடித்துவிட்டு, முழுதாக விட வேண்டும். விடுவதற்கும் பிடித்த அளவு நேரம் கொடுக்க வேண்டும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம், பை முழுதாகக் காலியாகும் பழக்கம் அதனால் கெடும். இதோடு சின்ன உத்தி ஒன்றும் உண்டு: இருமுவதற்கும் தும்முவதற்கும் ஒரு கணம் முன்னால் வேண்டுமென்றே இறுக்கிக்கொள்வது. லேசான கசிவு உள்ளவர்களுக்கு ஒரே வாரப் பழக்கத்திலேயே இது நன்றாகக் குறைவதை 1998-ல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

கர்ப்பப்பை இறக்கம்

"ஏதோ கீழே இறங்குகிறது", "உருண்டையாகக் கையில் தட்டுப்படுகிறது", "சாயங்காலமானால் அடிவயிறு கனக்கிறது, காலையில் ஒன்றுமில்லை" என்று பெண்கள் சொல்வது இதைத்தான். இறங்குவது கர்ப்பப்பையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்சுவர் வழியே சிறுநீர்ப்பை தள்ளிக்கொண்டு வரலாம், பின்சுவர் வழியே மலக்குடல் வரலாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்குப் பிறப்புறுப்பின் உச்சியே இறங்கி வரலாம். எந்தப் பகுதி எவ்வளவு என்று அளந்து 0 முதல் 4 வரை நிலைகளாகப் பிரிக்கும் முறை 1996 முதல் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. பிறப்புறுப்பின் வாயருகே வருவது 2-ஆம் நிலை. குழந்தை பெற்ற பெண்களில் ஏராளமானோருக்கு 1, 2-ஆம் நிலை இறக்கம் எந்தத் தொந்தரவும் இல்லாமலே இருக்கும். ஸ்கேனிலோ பரிசோதனையிலோ தற்செயலாகத் தெரிந்த அந்த இறக்கத்துக்குச் சிகிச்சையே தேவையில்லை. இது புற்றுநோயாக மாறும் விஷயமும் இல்லை. தொந்தரவு எவ்வளவு என்பதுதான் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும்.

பெண்கள் மருத்துவரிடம்கூட வாய்திறக்காத ஒரு அறிகுறி இருக்கிறது. மலம் கழிக்கும்போது பிறப்புறுப்புக்குள் விரலை வைத்துப் பின்சுவரை அழுத்தினால்தான் மலம் இறங்குகிறது என்பது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து வருடக்கணக்கில் மறைக்கிறார்கள். மலக்குடல் சரிவுக்கு இது நன்கு தெரிந்த அறிகுறி, மருத்துவப் பாடநூலில் இருப்பது. இதைச் சொல்லிவிட்டால் நோயறிதலில் பாதி முடிந்துவிடும்.

சிகிச்சையில் மிக வேரூன்றிய தவறான எண்ணம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. தாங்குவது தசையும் தசைநாரும். கர்ப்பப்பை அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உறுப்பு, அவ்வளவே. அதை மட்டும் எடுத்துவிட்டு, மேலிருந்து பிடித்துக் கட்டும் வேலையைச் செய்யாமல் விட்டால், பிடிப்பிழந்த உச்சி பிற்பாடு இறங்கும். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தசைநாரோடு இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் 208 பெண்களை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வில் அந்த முறை, கர்ப்பப்பையை எடுப்பதற்குச் சற்றும் குறையாத பலனைத் தந்தது. வேறு நோய் இல்லாதபோது "எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், "எடுத்த பிறகு எதனோடு பிடித்துத் தைப்பீர்கள்?" என்று கேட்பது ஒரு பெண்ணின் உரிமை.

கத்தியே வேண்டாம் என்பவர்களுக்கு பெசரி இருக்கிறது. சிலிக்கானில் செய்த வளையம். அளவு பார்த்துப் பிறப்புறுப்புக்குள் வைத்தால் இறங்குவதைத் தாங்கிக்கொள்ளும். முதல் அளவே எல்லோருக்கும் பொருந்திவிடாது, இரண்டு மூன்று அளவுகளை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். பல பெண்கள் தாங்களே எடுத்துக் கழுவி மாட்டப் பழகிவிடுகிறார்கள். வளைய வகை இருந்தபடியே தாம்பத்தியமும் சாத்தியம். மறந்துபோய் வருடக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடுவதுதான் ஆபத்து. புண்ணாகும். என் பார்வையில், இவ்வளவு எளிமையான ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமலே பெண்களை அறுவை மேசைக்கு அனுப்புவது பெரிய அநியாயம்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. பெரிய இறக்கம் சிறுநீர்க் குழாயை மடக்கி வைத்திருப்பதால் கசிவு வெளியே தெரியாமல் இருக்கலாம். அறுவை சிகிச்சையில் இறக்கத்தைச் சரிசெய்ததும் குழாய் நேராகி, இதுவரை இல்லாத கசிவு தொடங்கும். "ஆபரேஷனுக்குப் பிறகுதான் இதெல்லாம்" என்று பெண்கள் அதிர்ந்துபோகிறார்கள். முன்கூட்டியே சோதித்து, இப்படி ஆகலாம் என்று சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

செயற்கை வலையின் கதை வேதனையானது. தளர்ந்த சுவருக்குத் தாங்கலாகப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மெஷ்ஷை, அதாவது வலையை, பிறப்புறுப்பு வழியே வைத்துத் தைத்தார்கள். பல பெண்களுக்கு அந்த வலை சுவரை அரித்துக்கொண்டு வெளியே நீட்டியது, தீராத வலி வந்தது, உடலுறவு முடியாமல் போனது. திசுவோடு வளர்ந்துவிட்ட வலையை முழுதாக எடுப்பதும் கடினம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் முதல் எச்சரிக்கை விடுத்தது. 2011-ல் அதைக் கடுமையாக்கியது. 2019 ஏப்ரலில்தான் இறக்கத்துக்காக இந்த வழியில் வைக்கும் வலையின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆஸ்திரேலிய அரசு 2018 அக்டோபரில் பாதிக்கப்பட்ட பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது. முதல் எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையே பத்தரை வருடம். அதற்குள் வலியோடு வந்த எத்தனையோ பெண்களிடம் "எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று சொல்லப்பட்டது. வயிற்றின் வழியே வைக்கும் வலையும், அழுத்தக் கசிவுக்கு வைக்கும் மெல்லிய நாடாவும் அந்த அமெரிக்க உத்தரவில் அடங்கவில்லை. ஆகவே "மெஷ் வைக்கலாம்" என்று மருத்துவர் சொன்னால் எந்த வலை, எந்த வழியாக, எதற்காக, பிரச்சினை வந்தால் எடுக்கத் தெரிந்தவர் யார் என்ற நான்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தளரத் தெரியாத தசை

மலக்குடலைச் சுற்றி முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் தசை ஒன்று இருக்கிறது. அந்த இழுப்பினால் குடல் அங்கே வளைந்து, மலம் வெளியேறாமல் நிற்கிறது. கழிக்க உட்காரும்போது அது தளர்ந்தால்தான் வளைவு நிமிரும். சிலருக்கு முக்கும் நேரத்தில் தளர்வதற்குப் பதில் இன்னும் இறுகுகிறது. நார்ச்சத்தும் மலமிளக்கியும் இவர்களுக்குப் போதாது. தசை இறுகுவதையும் தளர்வதையும் காட்டும் பயோஃபீட்பேக் கருவியைப் பார்த்துக்கொண்டே தளரக் கற்றுக்கொள்வதுதான் சிகிச்சை. கால்களைச் சிறு முக்காலியில் உயர்த்தி, குந்துவதுபோல முன்சாய்ந்து உட்கார்ந்தாலே பலருக்குச் சுலபமாகிறது.

இதே இறுக்கம் இன்னும் முன்னால் இருந்தால், உடலுறவில் வலி, மாதவிடாய்க் குப்பியைக்கூட வைக்க முடியாத நிலை, சிறுநீர் கழிக்கத் தொடங்கவே நேரமாவது, உட்கார்ந்தால் அடியில் எரிச்சல் என்று பலவிதமாக வரும். தொற்று இல்லாமலே தொற்று போலத் தோன்றும். பரிசோதனை சுத்தமாக வர, ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்குக் கசிவும் சேர்ந்தே இருக்கலாம். ஓயாமல் இறுகிக் களைத்த தசைக்கு இருமல் வரும்போது மேலும் இறுக இடமில்லை. இவர்களிடம் போய் இன்னும் இறுக்குங்கள் என்று சொன்னால் வலி கூடும். மூச்சை வயிற்றுக்குள் இறக்கித் தசையை இளக்குவது, பிசியோதெரபிஸ்ட் விரலால் முடிச்சுகளை நீவி விடுவது, பிறப்புறுப்புக்குள் வைத்துப் பழகும், படிப்படியாக அளவு கூடும் விரிப்பான்கள் ஆகியவைதான் இவர்களுக்கான வழி. பழைய வன்முறையோ பயமோ உடம்பில் தங்கியிருந்தால் அதற்கும் உதவி வேண்டும். "கல்யாணமானால் சரியாகிவிடும்", "குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி ஒரு பெண்ணை வலிக்குள் அனுப்புவது கொடுமை.

மலமும் காற்றும் அடக்க முடியாமல் போவதைப் பற்றித்தான் பெண்கள் எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசுகிறார்கள். அந்த அமெரிக்கக் கணக்கெடுப்பில் 9 சதவீதம் பேருக்கு மலக் கசிவு இருந்தது. மலத்தைக் கெட்டிப்படுத்தும் உணவு மாற்றமும் மருந்தும், தசைப் பயிற்சியும், தேவையானால் கிழிந்த சுருக்குத் தசையைத் தைப்பதும், நரம்புத் தூண்டலும் இதற்கு உண்டு.

மருத்துவரிடம் போகும்போது

எந்தப் பரிசோதனைக்கும் முந்தி ஒரு பெண் தானே செய்யக்கூடியது மூன்று நாள் குறிப்பு. எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தேன், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போனது (ஒரு அளவுக் குவளை போதும்), எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். இந்த ஒரு தாள் மருத்துவரிடம் இருந்தால் அழுத்தமா அவசரமா, பை சிறியதா, இரவில்தான் சிறுநீர் அதிகம் சுரக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு சிறுநீர்ச் சோதனை, இருமச் சொல்லிப் பார்ப்பது, உள்பரிசோதனை. யூரோடைனமிக்ஸ் என்ற அழுத்தச் சோதனை எல்லோருக்கும் வேண்டியதில்லை. படம் தெளிவாக இல்லாதபோதும், சிக்கலான அறுவை சிகிச்சைக்கு முன்னும் பயன்படும். உள்பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவும், பாதியில் நிறுத்தச் சொல்லவும், பெண் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில இருக்கின்றன. சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, காய்ச்சலோடு விலாவில் வலி. பிரசவத்துக்கோ இடுப்பு அறுவை சிகிச்சைக்கோ பிறகு இரவு பகல் என்றில்லாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், அது ஃபிஸ்டுலா என்ற துளையாக இருக்கலாம். எந்தப் பயிற்சியாலும் அது அடைபடாது. சிறுநீர் அடியோடு வராமல் நின்றுவிட்டாலோ, முதுகுவலியோடு தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போய்ச் சிறுநீர், மலக் கட்டுப்பாடு திடீரென்று போனாலோ தண்டுவட நரம்புகள் நசுங்கியிருக்கக்கூடும். அதற்கு அன்றைக்கே, நள்ளிரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.